கிராகூஃப் முதல் லண்டன் வரை: போலந்துக்காரர்களோடு ஒரு நவம்பர்

அக்டோபர் 29, புதன்

வந்து சேர்ந்தாயிற்று. சென்னையிலிருந்து தோஹா, தோஹாவிலிருந்து வார்சா, அங்கிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். நம் பக்கம் இந்த ஊரை கிராக்கோவ் என்று எழுதுவோம், இங்கே கிராகூஃப் என்கிறார்கள், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன். அண்ணன் மகள் இங்கே முதுகலை இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். கும்பகோணத்தில் 31 வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்துவிட்டு இந்த மே மாதம் நான் ஓய்வு பெற்றதிலிருந்து, "அத்தை, இப்பவாவது வாங்க" என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பாப்பா தங்கியிருப்பது நோவா ஹூத்தா என்ற பகுதியில். 1949 வாக்கில் வயல்களை எடுத்துக்கொண்டு ஓர் இரும்பாலைக்காகவே கட்ட ஆரம்பித்த நகரம் இது, இப்போது கிராகூஃபின் ஒரு பகுதி. அகலமான சாலை, நடுவில் டிராம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடுக்குக் குடியிருப்புகள், அவற்றுக்கு நடுவே நிறைய மரங்கள். அதில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். கணவர் அந்த இரும்பாலையில் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. ஒரே மகள் லண்டனில். காலியாகக் கிடந்த அறையைப் பாப்பாவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்.

வாசலிலேயே காலணியைக் கழற்றச் சொன்னதும் எனக்குப் பாதி அலுப்பு போய்விட்டது. ஆனால் நம்மைப் போல வெறுங்காலோடு விடுவதில்லை. வருகிறவர்களுக்கென்றே துணிச் செருப்புகள் ஒரு கூடையில் இருக்கின்றன, அதில் என் அளவுக்கு ஒன்றைத் தேடி எடுத்துக் கீழே வைத்தார் பாட்டி. அப்புறம் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். பாப்பா சொல்லித்தான் புரிந்தது: "பானி தேநீர் குடிப்பாரா?" என்று என்னையேதான் கேட்டிருக்கிறார். போலிஷில் பழக்கமில்லாத பெரியவர்களிடம் "நீ" என்று பேசக்கூடாது. ஆண் என்றால் பான், பெண் என்றால் பானி என்று சொல்லி, எதிரில் நிற்பவரிடமே படர்க்கையில் பேச வேண்டும். முன்னிலையில் நிற்கிறவரைப் படர்க்கையில் வைப்பது மரியாதை! நம் ஊர்ப் பழைய வீடுகளில் "ஐயா சாப்பிட்டாச்சா?" என்று ஐயாவிடமே கேட்பார்கள், அதே வழிதான். அந்த ஒரு வாக்கியத்திலேயே பாட்டி எனக்கு வேண்டியவராகிவிட்டார்.

இரவுச் சாப்பாடு ரொட்டி, பன்னீர் மாதிரி உதிரியான வெள்ளைப் பாலாடைக் கட்டி, உப்புத் தண்ணீரில் புளிக்கவைத்த வெள்ளரிக்காய். கண்ணாடி டம்ளரில் எலுமிச்சைத் துண்டு போட்ட தேநீர். சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் நல்ல இருட்டு.

அக்டோபர் 30, வியாழன்

காலையில் பழைய நகரம் போனோம். யாகியெல்லோனியப் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம், கொல்லேகியும் மாயுஸ், செங்கல்லும் கல்லுமாக ஒரு முற்றம். மன்னர் மூன்றாம் காசிமிர் 1364இல் நிறுவிய பல்கலைக்கழகம் இது. கோபர்நிகஸ் 1491இல் இங்கே மாணவராகச் சேர்ந்தார். முற்றத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவே கனமான பைகளைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் தங்கள் வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள், அதுதான் எனக்குப் பார்க்கப் பிடித்திருந்தது.

இங்கே படிப்பு எப்படி என்று பாப்பா நடந்துகொண்டே சொன்னாள். கல்வி ஆண்டு அக்டோபரில் தொடங்குகிறது. மதிப்பெண் 2 முதல் 5 வரை. 5 மிக நன்று, 3 வாங்கினால் தேர்ச்சி, 2 என்றால் திரும்ப எழுத வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்களில் முழுநேரப் படிப்பு போலந்துப் பிள்ளைகளுக்கு இலவசம், இவளைப் போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கட்டணம் கட்டித்தான் படிக்கிறார்கள். 26 வயதுக்குள் இருக்கும் மாணவர்களுக்கு ரயிலில் 51 சதவீதம் சலுகை. ஆசிரியர் வர 15 நிமிஷத்துக்கு மேல் தாமதமானால் பிள்ளைகள் எழுந்து போகலாம் என்று ஒரு பழைய வழக்கம், அதற்குக் கல்விக் கால்மணி என்றே பெயர். பள்ளி முடிக்கும்போது எழுதுகிற பெரிய தேர்வு மத்தூரா, மே மாதம் வரும். கஷ்கொட்டை மரம் பூத்தால் மத்தூரா வந்துவிட்டது என்பார்களாம். அந்தத் தேர்வுக்குச் சுமார் நூறு நாள் முன்னால் பள்ளியில் ஒரு நடன விருந்து வைக்கிறார்கள். நல்ல உடை உடுத்தி, ஜோடி ஜோடியாக வரிசையில் நின்று, பொலொனேஸ் என்ற பழைய நடனத்தோடு ஆரம்பிப்பார்களாம். நம் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த நூறு நாளும் என்ன பாடு என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் நடுவில் இப்படி ஒரு சாயங்காலம் இருந்திருக்கலாம்.

மதியம் பால் பார். பெயரைக் கேட்டால் குழப்பமாக இருக்கும், நம் ஊர் மெஸ் மாதிரி இடம். 1896இல் வார்சாவில் முதல் பால் பார் திறந்தார்கள், பால், முட்டை, மாவுப் பண்டங்கள் மலிவாகக் கிடைக்க. கம்யூனிஸ்ட் காலத்தில் ஊரெங்கும் பெருகி, இன்றும் அரசு மானியத்தோடு நடக்கிறவை இருக்கின்றன. காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, ஜன்னலில் நீட்டினால் உள்ளிருந்து ஓர் அம்மா தட்டைத் தள்ளுவார். வேலைக்குப் போகிறவர்கள், மாணவர்கள், தனியாக வந்த பெரியவர்கள், எல்லோரும் ஒரே மேஜையில். நான் சைவம் என்பதால் உருளைக்கிழங்கும் வெள்ளைப் பாலாடைக் கட்டியும் வைத்த பியெரோகி கேட்டோம், மேலே பன்றிக் கொழுப்பு தூவ வேண்டாம் என்று பாப்பா இரண்டு முறை சொன்னாள். வடிவில் நம் கொழுக்கட்டையேதான். வேகவைத்து, வதக்கிய வெங்காயம் போட்டுத் தருகிறார்கள். குடிக்கப் பழம் வேகவைத்த தண்ணீர், கொம்போத்.

திரும்பி வரும்போது மரியன்னை ஆலயக் கோபுரத்திலிருந்து எக்காளம் கேட்டது. மணிக்கு ஒரு முறை, நாலு திசைக்கும் நாலு முறை வாசிக்கிறார்கள், தீயணைப்புத் துறையைச் சேர்ந்தவர்கள். நடுவில் பட்டென்று நின்றுவிடும். தாத்தாரியர் படையெடுத்து வந்தபோது எச்சரிக்கை ஊதியவன் கழுத்தில் அம்பு பாய்ந்து ராகம் அந்த இடத்தில் அறுந்தது என்று கதை. அறுந்த இடத்தில் அறுந்தபடியே இன்றைக்கும் வாசிக்கிறார்கள். பகல் 12 மணிக்கு வாசிப்பதை நாடு முழுவதும் வானொலியில் கேட்கிறார்கள்.

அக்டோபர் 31, வெள்ளி

கடை வாசல் எல்லாம் சாமந்தித் தொட்டிகள். மஞ்சள், வெள்ளை, ஊதா, ஒவ்வொன்றும் குடம் அளவுக்குப் பெரிய பூங்கொத்து. எனக்கு நம் ஊர்ப் பூக்கடைத் தெரு ஞாபகம் வந்து, பாட்டிக்கு ஒன்று வாங்கிப் போகலாம் என்று கையில் எடுத்துவிட்டேன். பாப்பா ஓடி வந்து தடுத்தாள். "அத்தை, இது கல்லறைக்கு வைக்கிறது. வீட்டுக்கு யாரும் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டாங்க." தொட்டியைக் கீழே வைக்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது. இன்னொன்றும் சொன்னாள்: யாருக்காவது பூ கொடுப்பதென்றால் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், இரட்டைப்படை இறந்தவர்களுக்கு.

மாலையில் பாட்டி ஒரு வாளி, தேய்க்கும் பிரஷ், பழைய துணி, கண்ணாடிக் கூடு போட்ட மெழுகுவிளக்குகள் பதினாறு, எல்லாவற்றையும் கூடத்தில் எடுத்து வைத்தார். பதினாறும் யார் யாருக்கு என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தார்.

நவம்பர் 1, சனி

இன்று நடந்ததை முழுக்க எழுதிவிட வேண்டும், தூங்கினால் ஏதாவது விட்டுப்போகும்.

நவம்பர் 1 அனைத்துப் புனிதர் நாள், அரசு விடுமுறை. போலந்து முழுக்கக் குடும்பம் குடும்பமாகக் கல்லறைக்குப் போகும் நாள். எந்த ஊரில் வேலை பார்த்தாலும் சொந்த ஊருக்கு வந்துவிடப் பார்க்கிறார்கள். சாலைகளில் கூடுதல் போலீஸ், கல்லறைகளுக்கென்றே தனி டிராம்கள் விடுகிறார்கள். நம் பொங்கல் கூட்டம்தான், ஆனால் சத்தமே இல்லை. டிராம் முழுக்கச் சாமந்தித் தொட்டியை மடியில் வைத்திருக்கும் மனிதர்கள்.

முதலில் நோவா ஹூத்தாவின் க்ரெம்பாவூஃப் கல்லறை. பாட்டியின் கணவர் அங்கே. நேற்றே தண்ணீர் ஊற்றித் தேய்த்த கல்லை இன்னொரு முறை துடைத்தார். விளக்குகளை ஏற்றினார். அப்புறம் கைபேசியை எடுத்து லண்டனுக்குக் கூப்பிட்டார். மகளால் இந்த வருஷம் வர முடியவில்லை. பாட்டி கைபேசியைக் கல்லறைப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார், அந்தப் பக்கம் மகள் ஜெபம் சொல்லும் குரல் மெல்லக் கேட்டது. இடையில் ஒரு சின்னப் பெண் குரல் ஏதோ கேட்டது. பேத்தி, ஏழு வயது, அங்கேயே பிறந்தவள். தாத்தாவுக்கு எத்தனை விளக்கு என்று கேட்டாளாம். சுற்றிப் பார்த்தால் இன்னும் இரண்டு மூன்று பேர் அதே மாதிரி கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பாட்டி பதினாறில் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய், பக்கத்தில் யாரும் வராத, பெயர் கூட அழிந்த ஒரு கல்லறையில் வைத்தார். ஏன் என்று கேட்கவில்லை. வேறு சிலரும் அப்படியே செய்தார்கள்.

மாலை ரகோவிட்ஸ்கி கல்லறை. இது பழைய நகரத்துக்கு அருகில், 1800களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. பாட்டியின் பெற்றோர் இங்கே. வாசலில் மியோதெக் துரெட்ஸ்கி என்று ஒரு மிட்டாய் விற்றார்கள், சர்க்கரைப் பாகில் கொட்டைகளைப் போட்டு இறுக்கியது, நம் கடலை மிட்டாய்க்குத் தூரத்து உறவு. கிராகூஃபில் இதைக் கல்லறை வாசலில்தான் சாப்பிட வேண்டும், அதுவும் இந்த நாட்களில்தான் என்றார் பாட்டி, சின்ன வயதில் அவர் அப்பா வாங்கித் தருவாராம். பழைய கல்லறைகளைச் செப்பனிடப் பணம் திரட்டுகிறவர்கள் உண்டியல் குலுக்கிக்கொண்டு நின்றார்கள், ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம்.

உள்ளே போனதும் என்னால் பேச முடியவில்லை. இருட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விளக்கு. சிவப்பு, மஞ்சள், வெள்ளைக் கண்ணாடிக் கூடுகள். மெழுகு உருகும் வாசனை, ஈர இலை வாசனை, அந்தக் குளிரிலும் முகத்தில் படுகிற சூடு. கார்த்திகை அன்று கும்பேஸ்வரன் கோவில் வாசலில் நின்ற மாதிரி இருந்தது என்றால் சரியாக இருக்குமா தெரியவில்லை, எனக்கு அப்படித்தான் இருந்தது.

நோபல் பரிசு பெற்ற கவிஞர் விஸ்வாவா ஷிம்போர்ஸ்கா குடும்பக் கல்லறையில் இங்கேதான் இருக்கிறார், அங்கே சிறு கூட்டம். ஹெலெனா மொட்ஜெயெஃப்ஸ்கா என்ற நடிகையின் கல்லறையையும் பாட்டி காட்டினார். 1876இல் அமெரிக்கா போனவர், அங்கே ஆங்கிலம் கற்றுக்கொண்டு ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்துப் பெரும் பெயர் வாங்கியவர். 1909இல் கலிபோர்னியாவில் இறந்தார், அடக்கம் செய்தது இங்கே.

கடைசியாகக் கல்லறையின் பெரிய சிலுவையடிக்குப் போனோம். தூரத்தில் எங்கோ புதைக்கப்பட்டவர்களுக்கு, எங்கே என்றே தெரியாதவர்களுக்கு அங்கே ஏற்றுவது வழக்கம். பாட்டியின் பெரியப்பாவை 1940இல் சோவியத் படையினர் குடும்பத்தோடு ரயிலேற்றிக் கஜக்ஸ்தான் பக்கம் கொண்டுபோனார்கள். போனவர் போனவர்தான். பாட்டி அவரைப் பார்த்தது கூட இல்லை. ஆனால் சீட்டில் அவர் பெயர் இருந்தது. அந்த விளக்கை ஏற்றிவிட்டு, மிச்சமிருந்த ஒன்றை என்னிடம் நீட்டினார். பாப்பாவைப் பார்த்தேன். "பானிக்கும் யாராவது இருப்பார் இல்லையா, என்று கேட்கிறார்" என்றாள்.

அம்மாவுக்கு ஏற்றினேன்.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று எல்லா ஆன்மாக்களின் நாள். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் என்று கொண்டாடுவதும் இன்றுதான். என் பள்ளியில் உடன் வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் வருஷா வருஷம் இந்த நாளில் மாலையும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு போவார், கும்பகோணத்தில் அவர் ஏற்றும் விளக்கும் நேற்று நான் பார்த்ததும் ஒரே விளக்கு.

கடைகள் மூடியிருந்தன. 2018இல் வந்த சட்டப்படி பெரும்பாலான ஞாயிறுகளில் பெரிய கடைகள் திறக்கக் கூடாது, முதலாளியே நின்று விற்கும் சின்னக் கடைகள் திறக்கலாம். பாட்டியோடு ஆர்கா பானா ஆலயத்துக்குப் போனோம், ஆண்டவரின் பேழை என்று அர்த்தம், கப்பல் மாதிரியே கட்டடம். நோவா ஹூத்தாவைக் கம்யூனிஸ்ட் அரசு ஆலயமே இல்லாத நகரமாகத் திட்டமிட்டது. 1960இல் நட்டு வைத்த சிலுவையை அகற்ற ஆள் வந்தபோது ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள், பெரிய மோதல் நடந்தது. ஆர்கா பானாவை 1977இல்தான் திறக்க முடிந்தது. அர்ச்சித்தவர் அப்போதைய கர்தினால் வொய்திவா, அடுத்த வருஷமே இரண்டாம் ஜான் பால் என்று போப் ஆனவர். பாட்டியின் கணவர் ஆலையில் வேலை முடிந்து வந்து இங்கே கல் சுமந்தாராம்.

நவம்பர் 4, செவ்வாய்

இன்று கரோல் என்று பெயருள்ள எல்லோருக்கும் பெயர்நாள். நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் பெயர்கள் அச்சிட்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்குப் பிறந்தநாளை விட இதுதான் முக்கியம். வயது கேட்க வேண்டாம், தேதி எல்லோருக்கும் தெரியும், அழைப்பில்லாமல் போகலாம். மேல்வீட்டுத் தாத்தாவுக்கு இன்று. ஏழு ரோஜா வாங்கிக்கொண்டு போனோம், எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன். நூறு வருஷம் வாழ்க என்ற "ஸ்தோ லாத்" பாட்டை எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள். பாப்பி விதை அரைத்து வைத்த கேக்.

அங்கே ஒரு பேச்சு வந்தது. கிராகூஃபில் வீட்டை விட்டு வெளியே போவதை "நா போலே" என்கிறார்கள், வயலுக்கு என்று நேர் அர்த்தம். வார்சாக்காரர்கள் "நா த்வூர்" என்கிறார்கள், முற்றத்துக்கு அல்லது அரண்மனைக்கு என்று வரும். தாத்தாவின் மருமகள் வார்சாக்காரி. எது சரி என்று அரை மணி நேரம் பேசினார்கள். த்வூர் என்றால் அரண்மனை, அரண்மனையில் பிறந்தவர்கள் வயலுக்குப் போவார்கள், வயலில் பிறந்தவர்கள்தான் அரண்மனைக்குப் போக ஏங்குவார்கள் என்று பாட்டி தீர்ப்புச் சொன்னார். தஞ்சாவூர்ச் சொல்லா, திருநெல்வேலிச் சொல்லா என்று எங்கள் ஆசிரியர் அறையில் நடக்காத விவாதமா? அந்த வீட்டில் எனக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் விஷயம் முழுக்கப் புரிந்தது.

நவம்பர் 6, வியாழன்

கொல்லேகியும் நோவும், பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடம். கறுப்புக் கொடிகள், மலர்வளையங்கள்.

1939 நவம்பர் 6. போலந்தை ஜெர்மனி பிடித்து இரண்டு மாதம் கூட ஆகவில்லை. உயர்கல்வி பற்றி ஜெர்மனியின் நிலையை விளக்குகிறேன் என்று சொல்லி, நாஜி ரகசியப் போலீசான கெஸ்டாப்போவின் அதிகாரி ஒருவர் பேராசிரியர்கள் எல்லோரையும் இந்தக் கட்டடத்துக்கு வரச்சொன்னார். வந்தவர்கள் உட்கார்ந்ததும், அனுமதி இல்லாமல் பாடம் தொடங்க முயன்றீர்கள் என்று சொல்லி அத்தனை பேரையும் கைது செய்தார்கள். 183 பேர். பெரும்பாலோரைக் கொண்டுபோய் அடைத்தது சாக்சன்ஹவுசன் வதைமுகாமில். பல நாடுகளிலிருந்து எதிர்ப்பு எழுந்ததால் 1940 பிப்ரவரியில் நாற்பது வயது கடந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுவித்தார்கள். அதற்குள் முகாமிலேயே சிலர் இறந்திருந்தார்கள், வீடு திரும்பிச் சில நாளில் சிலர்.

எனக்குத் தாங்க முடியாமல் போனது அடுத்து நடந்தது. 1942 முதல் அந்தப் பல்கலைக்கழகம் ரகசியமாக மறுபடி நடந்தது. திரும்பி வந்தவர்களும் அதில் பாடம் எடுத்தார்கள். அடுப்படியில், பின்னறையில், ஐந்தாறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு. சுமார் 800 பேர் அப்படிப் படித்தார்கள். பிடிபட்டால் முகாம், அல்லது மரணம். பகலில் ரசாயன ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு அப்படிப் படித்தவர்களில் ஒருவர், பின்னாளில் ஆர்கா பானாவை அர்ச்சித்த வொய்திவா.

31 வருஷத்தில் மழைக்கும் தேர்தலுக்கும் பள்ளி விடுமுறை விட்டபோது நானும் மகிழ்ந்திருக்கிறேன். வகுப்பு எடுப்பதே உயிருக்கு ஆபத்து என்றால் நான் எடுத்திருப்பேனா என்று அங்கே நின்று யோசித்தேன். பதில் சொல்லிக்கொள்ள முடியவில்லை. மாணவர்கள் இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, பூ வைத்துவிட்டு, மறுபடி ஏறிப் போனார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு, வார்சா

ரயிலில் பாப்பாவோடு வந்தேன். பழைய நகரம் 1944இல் தரைமட்டமாகி மறுபடி கட்டியது. ஃப்ரெத்தா தெரு 16ஆம் எண் வீட்டின் முன் வெகுநேரம் நின்றேன். மரியா ஸ்க்வொதோஃப்ஸ்கா 1867இல் பிறந்த இடம். நமக்கு மேரி க்யூரி. இங்கே பிறந்த வீட்டுப் பெயரை விட்டுச் சொல்ல மாட்டார்கள், கிராகூஃபில் பாட்டி என்னைத் திருத்தியிருந்தார்.

அவர் பிறந்தபோது போலந்து என்ற நாடு வரைபடத்தில் இல்லை. 1795இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் மிச்சத்தையும் பங்கு போட்டுக்கொண்ட பிறகு 123 வருஷம் அப்படியே. ஆஸ்திரியாவின் பங்கான கிராகூஃபில் 1860களுக்குப் பிறகு போலிஷில் படிக்க முடிந்தது. வார்சா ரஷ்யாவின் பங்கு, பள்ளியில் ரஷ்ய மொழிதான். மரியாவின் பள்ளியில் போலிஷ் வரலாறு திருட்டுத்தனமாக நடக்கும், ஆய்வாளர் வருகிறார் என்று மணி அடித்தால் புத்தகங்களை ஒளித்துவிட்டுத் தையலை எடுத்துக்கொள்வார்கள். பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கவில்லை, அதனால் 1880களில் பெண்களே வீடு வீடாக மாற்றி மாற்றி ஒரு ரகசியப் பல்கலைக்கழகம் நடத்தினார்கள். இடம் மாறிக்கொண்டே இருந்ததால் பறக்கும் பல்கலைக்கழகம் என்று பெயர். மரியாவும் அக்கா ப்ரோனிஸ்வாவாவும் அங்கே படித்தார்கள். அக்கா பாரிஸில் மருத்துவம் படிக்கத் தங்கை வீட்டு ஆசிரியையாக வேலை பார்த்துப் பணம் அனுப்பினார், அப்புறம் 1891இல் தங்கை பாரிஸ் போனார். 1898இல் கண்டுபிடித்த தனிமத்துக்கு பொலோனியம் என்று பெயர் வைத்தபோதும் நாடு வரைபடத்தில் இல்லை.

பிரஷ்யப் பங்கிலும் இதே கதைதான். வ்ஷெஷ்னியா என்ற ஊரில் 1901இல் மறைக்கல்வியை ஜெர்மன் மொழியில் சொல்ல மாட்டோம் என்று பள்ளிப் பிள்ளைகள் மறுத்தார்கள். பிரம்படி. அடுத்த வருஷமும் விடவில்லை. என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்தன.

நவம்பர் 11, செவ்வாய், வார்சா

சுதந்திர நாள், 1918இன் நினைவு. குழந்தைகள் நெஞ்சில் வெள்ளை சிவப்பு ரிப்பன். போஸ்னான் பக்கத்து வழக்கமான, வெண் பாப்பி விதை அடைத்த பிறைவடிவ ரொட்டி ஒன்று வாங்கிச் சாப்பிட்டோம், புனித மார்த்தின் நாளும் இன்றுதான்.

கூட்டத்தை விட்டு ஒஹோத்தா பகுதிக்குப் போனோம், நல்ல மகாராஜா சதுக்கம். 1940இல் சோவியத்துக்குக் கொண்டுபோகப்பட்ட குடும்பங்களில் பிழைத்தவர்கள் 1942இல் ஈரான் வழியாக வெளியேறினார்கள். அனாதையான நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு நவாநகர் மன்னர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி குஜராத்தின் பாலாசடியில் இடம் கொடுத்தார். கோல்ஹாபூருக்குப் பக்கத்தில் வலிவடேயில் சுமார் 5000 பேர் இருந்தார்கள். இரண்டு இடத்திலும் போலிஷ் பள்ளி நடந்தது. சிறிய பூங்காதான், நடுவே கல், நான்கைந்து விளக்குகள் எரிந்தன. நாங்களும் ஒன்று வைத்தோம்.

இந்த ஊருக்கும் தமிழுக்கும் கூட ஒரு தொடர்பு உண்டு. வார்சா பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்து வந்திருக்கிறார்கள். நம் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி 1980களில் இங்கே பேராசிரியராக இருந்தார். அந்தப் பல்கலைக்கழக வாசலில் பாப்பா என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தாள். அண்ணனுக்கு அனுப்பியாயிற்று.

நவம்பர் 15, சனி, லண்டன்

ஊர் திரும்பும் வழியில் சித்தப்பா மகன் வீட்டில் நாலு நாள். கிளம்பும்போது பாட்டி ஒரு பொட்டலம் கொடுத்தார். நூலில் கோத்து உலர்த்திய காட்டுக் காளான், கிறிஸ்துமஸ் முந்தின நாள் சூப்புக்கு. அப்புறம் அவர் மகள் படித்த பழைய அரிச்சுவடி, அட்டை கிழிந்து டேப் ஒட்டியது. போலந்தில் எழுத்துக் கூட்டப் படித்தவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான வரி "ஆலா மா கொத்தா", ஆலாவிடம் பூனை இருக்கிறது. நமக்கு அம்மா, ஆடு, இலை மாதிரி.

பாட்டியின் மகள் 2005இல் இங்கே வந்தவர். 2004இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் வந்த பெரிய அலையில் ஒருவர். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலிஷை முதன்மை மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 6,12,000 பேர், ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாக அதிகம். வெளிநாட்டில் வாழும் போலந்துக்காரர்களைப் பொதுவாக பொலோனியா என்கிறார்கள். பேத்திக்கு இன்று சனிக்கிழமைப் பள்ளி, மகள் என்னையும் அழைத்துப் போனார்.

இந்தப் பள்ளிகள் 2004இல் முளைத்தவை அல்ல. போருக்குப் பிறகு நாடு திரும்ப முடியாமல் இங்கேயே தங்கிய போலந்துப் படைவீரர்களும் குடும்பங்களும் தொடங்கிய ஏற்பாடு, அவற்றை ஒருங்கிணைக்கும் சங்கம் 1953இலிருந்து இருக்கிறது. வாரம் ஐந்து நாள் ஆங்கிலப் பள்ளி, ஆறாம் நாள் வாடகைக்கு எடுத்த வகுப்பறையில் போலிஷ், வரலாறு, புவியியல். இதே லண்டனில் இலங்கைத் தமிழர்கள் வார இறுதியில் நடத்தும் தமிழ்ப் பள்ளிகளும் இப்படித்தான். சித்தப்பா மகனின் பிள்ளைகள் போய் வந்தவர்கள், சனிக்கிழமை காலையில் எழுப்புவது பெரும்பாடு என்று அவன் மனைவி சொல்வாள்.

வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பதினேழு பிள்ளைகள். இரண்டு பேருக்குக் கொட்டாவி, ஒருவன் மேஜைக்கடியில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தான், தங்களுக்குள் பேசிக்கொண்டது முழுக்க ஆங்கிலம். ஆசிரியை வார்சாக்காரர், வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறவர். குரலை உயர்த்தாமல், விட்ட இடத்திலிருந்து மறுபடி மறுபடி ஆரம்பித்தார். எனக்கு எழுந்துபோய் அவருக்கு ஒரு சாக்பீஸ் எடுத்துக் கொடுக்க வேண்டும் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்ன செய்தாய் என்று ஐந்து வரி எழுதச் சொன்னார். பேத்தி "நா போலே" போனேன் என்று எழுதியிருந்தாள். அந்த இரண்டு சொல் என் காதிலும் விழுந்தது, நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீ வயலுக்கா போனாய் என்று பக்கத்துப் பையன் ஆங்கிலத்தில் கேட்டான். என் பாட்டி இப்படித்தான் சொல்வார் என்றாள் அவள், முகம் சிவந்துவிட்டது. ஆசிரியை நோட்டை வாங்கிப் பார்த்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தவர் மூடி வைத்துவிட்டு, உன் பாட்டி கிராகூஃபா என்று கேட்டார். அப்புறம் பலகையில் "நா போலே", "நா த்வூர்" இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, எல்லோரையும் இரண்டையுமே நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

மதியம் வீட்டில் பாட்டிக்குக் கூப்பிட்டோம். பேத்தி டேப் ஒட்டிய அரிச்சுவடியைத் திறந்து வைத்துக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டு ஆலாவையும் பூனையையும் படித்தாள், திரையில் பாட்டியின் உதடும் கூடவே அசைந்தது. முடித்ததும் வகுப்பில் நடந்ததைச் சொன்னாள். பாட்டி கவனமாகக் கேட்டுவிட்டு, இரண்டில் எதை மேலே எழுதினார்கள் என்று கேட்டார்.